நின்றுபோன ஆயிரத்து ஐந்நூறு: தாராவி கேட்க வேண்டிய கணக்கு

2025 ஜூலை இறுதியில் மகாராஷ்டிர மகளிர், குழந்தைகள் நலத்துறை அமைச்சர் அதிதி தட்கரே ஓர் எண்ணை வெளியிட்டார்: 26.34 லட்சம். ‘முக்யமந்திரி மாஜி லாட்கி பஹீண்’ திட்டத்தில் மாதம் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர்களில் இத்தனை பேருக்கு ஜூன் தவணையிலிருந்து பணம் நிறுத்திவைக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்பத் துறை மற்ற துறைகளின் பட்டியல்களையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்ததில் இவர்களுக்குத் தகுதியில்லை என்று தெரியவந்ததாம். வேறொரு திட்டத்திலும் பணம் வாங்குவோர், ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு மேல் வாங்குவோர், சில இடங்களில் ஆண்கள் எனக் காரணங்களும் சொல்லப்பட்டன.

அடுத்த சில நாட்கள் ஊரெல்லாம் பேசியது அந்த ஆண்களைப் பற்றித்தான். 14,298 ஆண்கள், 21.44 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஏறத்தாழ 15,000 ரூபாய், அதாவது பத்து மாதத் தவணை. பத்து மாதம் யாரும் கவனிக்கவில்லை என்பது அரசு பதில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் 26.34 லட்சத்துக்குப் பக்கத்தில் 14,298ஐ வைத்தால் அது நூற்றுக்கு ஏறத்தாழ அரைதான். தலைப்புச் செய்தி முழுக்க அந்த அரைக்குப் போய்விட்டது. மற்றவர்கள் யார், எந்த வார்டில் இருக்கிறார்கள், எந்தக் காரணத்துக்காக எத்தனை பேருக்கு நின்றது, அந்தக் காரணம் எத்தனை பேருக்கு உண்மையிலேயே பொருந்துகிறது? இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. நிறுத்தம் தற்காலிகமானது, மாவட்ட ஆட்சியர்கள் சரிபார்ப்பார்கள், தகுதியுள்ளவர்களுக்குப் பணம் மீண்டும் தொடங்கும் என்று அரசே சொல்லியிருக்கிறது. அப்படியானால் சரிபார்ப்பின் கணக்கும் நிறுத்தத்தின் கணக்கைப் போலவே பகிரங்கமாக வர வேண்டும்.

தாராவியில் இது பெரிய விஷயம். 1,500 ரூபாய் அங்கே ஒரு வீட்டின் கரன்ட் பில்லும் கேஸ் சிலிண்டரும்.

வரிசை தெரிந்தபோது விதி மாறியது

திட்டம் வந்த விதத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். 2024 ஜூன் 28 அன்று, அப்போதைய நிதியமைச்சர் அஜித் பவார் தாக்கல் செய்த பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள குடும்பப் பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய். வீட்டில் வருமான வரி கட்டுபவரோ, அரசு ஊழியரோ, நான்கு சக்கர வாகனமோ இருக்கக் கூடாது. ஜூலை தொடங்கியதுமே தாசில்தார் அலுவலகங்களிலும் சேவை மையங்களிலும் கூட்டம் அலைமோதியது. எல்லோருக்கும் தேவைப்பட்டது இரண்டு காகிதங்கள்: வருமானச் சான்று, டொமிசைல் எனப்படும் வசிப்பிடச் சான்று.

சில நாட்களிலேயே அரசு விதியைத் தளர்த்தியது. மஞ்சள், ஆரஞ்சு ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு வருமானச் சான்று வேண்டாம். டொமிசைல் இல்லாவிட்டால் 15 ஆண்டுப் பழைய ரேஷன் கார்டோ, வாக்காளர் அட்டையோ, பள்ளி விடுப்புச் சான்றோ, பிறப்புச் சான்றோ போதும். வெளிமாநிலத்தில் பிறந்து மகாராஷ்டிரக்காரரை மணந்த பெண்ணுக்குக் கணவரின் ஆவணம் செல்லும். வயது வரம்பு 60லிருந்து 65 ஆனது. நில வரம்பு நிபந்தனையும் போனது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு மருமகளாக வந்த பெண்களுக்குக் கதவைத் திறந்தது இந்தத் தளர்வுதான். அது இல்லாவிட்டால் இவர்களில் பெரும்பாலோர் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தைத் தாண்டியிருக்கவே முடியாது.

அரசு ஏன் அவ்வளவு வேகமாக மனம் மாறியது? தேர்தல் நெருங்கியது ஒரு காரணம், மறுக்க முடியாது. இன்னொரு காரணம், கூட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. எந்தக் காகிதத்துக்காக எத்தனை பேர் வெயிலில் நிற்கிறார்கள் என்று எல்லோரும் பார்த்தார்கள், தொலைக்காட்சி காட்டியது, எம்.எல்.ஏ.க்கள் சத்தம் போட்டார்கள்.

இணையத்தில் தடுமாறுபவர்களின் வரிசை அப்படி யார் கண்ணிலும் படாது. ஓடிபி வராமல் நின்றவர், ஆதாரில் பெயர் பொருந்தாமல் திருப்பி அனுப்பப்பட்டவர், ‘பரிசீலனையில்’ என்ற சொல்லையே மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர், எல்லோரும் தனித்தனியாகத் தத்தம் வீட்டில், தத்தம் கைபேசியோடு இருக்கிறார்கள். தனக்கு மட்டும்தான் இப்படி ஆனது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வரிசையைக் காட்டக்கூடிய ஒரே கருவி தரவு அறிக்கை. அது அரசின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது.

மூன்று கட்டத்துக்குள் அடங்காத பெயர்

மும்பைத் தமிழர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பவர்கள் அல்ல. மாட்டுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தொடங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இணையத்தில் எதையும் நிரப்பிவிடுவார்கள். அவர்களுக்கு இந்தத் திட்டம் தேவைப்படாது. செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் பெரும்பாலும் அதே நிலைதான். ஆனால் அதே செம்பூரின் வாஷி நாக்காவில், அங்கிருந்து டிராம்பே போகும் வழியில் உள்ள சீத்தா கேம்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நெல்லைச் சீமைத் தோல் தொழிலாளர்கள் வந்து குடியேறிய தாராவியில், கதை வேறு.

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாங்குநேரிப் பக்கம் பிறந்தவர். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அவர் சு. முத்துலட்சுமி, அந்த ‘சு’ அப்பா சுப்பையா. தாராவிக்கு வந்தபின் எடுத்த ஆதாரில் முத்துலட்சுமி கணேசன், கணேசன் கணவர். ரேஷன் கார்டில் மராத்தி எழுத்தில் முத்துலக்ஷ்மி என்று ஏறியிருக்கிறது. ஊரில் இருந்தபோது திறந்த வங்கிக் கணக்கில் வெறும் முத்துலட்சுமி எஸ். இப்போது மகாராஷ்டிரப் படிவம் கேட்பது தன் பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது? சிலர் மாமனார் பெயரை எழுதுகிறார்கள், சிலர் ஊர்ப் பெயரை, சிலர் ஊரில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த சாதிப் பெயரை. ஜெராக்ஸ் கடைப் பையன் தனக்குத் தோன்றியதைத் தட்டிவிடுவதும் உண்டு.

மனிதர் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும், நான்கும் ஒரே பெண்தான் என்று. இரண்டு பட்டியல்களை ஒப்பிடும் மென்பொருளுக்கு அவர் நான்கு பேராகவும் தெரியலாம். அல்லது வேறு யாரோ ஒரு முத்துலட்சுமியோடு ஒன்றாகவும் தெரியலாம். இரண்டாவது வகைப் பிழை இன்னும் ஆபத்தானது. இதற்கு அக்கம்பக்கத்திலேயே ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பணம் போகும் வழியிலும் ஒரு சிக்கல். நேரடிப் பணப் பரிமாற்றத்தில் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்துப் பணம் போவதில்லை. தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் இணைப்புப் பட்டியலில் அந்த ஆதார் எண்ணோடு கடைசியாக எந்த வங்கி சேர்ந்திருக்கிறதோ, பணம் அங்கே போய்விடும். ஊரில் என்றோ திறந்து மறந்துபோன கணக்காகவும் அது இருக்கலாம். ‘அனுப்பியாயிற்று’ என்று கணினி சொல்லும், ‘வரவில்லை’ என்று பெண் சொல்வார், இரண்டும் உண்மை. அந்தக் கழகத்தின் தலைமையகம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில், தாராவியை ஒட்டிய அடுத்த பேட்டையில் இருக்கிறது.

கணவர் ஆதாரும் கேட்டார்கள்

2025 செப்டம்பர் 18 அன்று இன்னொரு ஆணை வந்தது. எல்லாப் பயனாளிகளும் இரண்டு மாதத்துக்குள் இணையத்தில் இ-கேஒய்சி முடிக்க வேண்டும், இனி ஆண்டுதோறும் செய்ய வேண்டும். பெண்ணின் ஆதார் மட்டும் போதாது. மணமானவர் என்றால் கணவரின் ஆதார், இல்லையென்றால் தந்தையின் ஆதார், அவர்கள் கைபேசிக்கு வரும் ஓடிபி. குடும்ப வருமானத்தைக் கணக்கிட இது தேவை என்பது அரசின் வாதம், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கணவர் இறந்துவிட்டார், அப்பாவும் இல்லை என்றால்? கணவர் எங்கோ போய்விட்டார், எண் தெரியாது என்றால்? கூக்குரல் எழுந்தபின் நவம்பரில் கெடுவை டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். இறப்புச் சான்றையோ மணமுறிவு ஆணையையோ அங்கன்வாடி ஊழியரிடம் கொடுத்து முடிக்கலாம் என்றார்கள். கைவிடப்பட்ட பெண்ணிடம் இரண்டு சான்றும் இருக்காது. தாராவி, சீத்தா கேம்ப் சந்துகளில் இப்படிப்பட்டவர்களை எல்லோருக்கும் தெரியும்; கணினிக்கு மட்டும் அப்படி ஒரு வகையே கிடையாது.

பிறகு 2026 ஜனவரியில், இ-கேஒய்சியில் தவறான விருப்பத்தைத் தேர்ந்தெடுத்ததால் பணம் நின்றவர்களை அங்கன்வாடி ஊழியர்கள் வீடுவீடாகப் போய் நேரில் சரிபார்க்க வேண்டும் என்று அரசே உத்தரவிட்டது. நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் இது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அல்லவா? ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு வழக்கத்துக்கு மாறாக ஏராளமானவர்கள் தங்களுக்கே பாதகமான பதிலைத் தருகிறார்கள் என்றால், கேள்வி கேட்ட விதத்தில் கோளாறு என்று எந்தப் புள்ளிவிவரக்காரரும் சொல்லிவிடுவார். தினசரி அறிக்கையில் அந்த ஒரு வரியை யாராவது பார்த்திருந்தால், மாதங்களும் அலைச்சலும் மிச்சமாகியிருக்கும்.

இங்கிலாந்தில் அரசின் இணையச் சேவைகளை அளக்க வைத்திருந்த நான்கு அளவுகோல்களில் ஒன்று இதுதான்: தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? எந்தப் பக்கத்தில் ஆட்கள் கழன்றுபோகிறார்களோ அந்தப் பக்கத்தைத் திருத்துவது வேலை. அங்கே வீட்டு வாடகை உதவித்தொகையை வழங்குவது உள்ளூர் மன்றங்கள். புதிய விண்ணப்பத்தை முடிவுசெய்ய ஒவ்வொரு மன்றமும் சராசரியாக எத்தனை நாள் எடுக்கிறது என்று மத்திய அரசின் துறை தொடர்ந்து வெளியிடுகிறது. பக்கத்து ஊர் மன்றத்தைவிட நம் மன்றம் பின்தங்கினால் அது அச்சிலேயே தெரியும். அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. பின்தங்கியதை மறைக்க முடியாது என்கிறேன்.

நம்மிடமும் அறிக்கைகள் இல்லாமலில்லை. 2015இல் மகாராஷ்டிரம் பொதுச் சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. ‘ஆப்லே சர்க்கார்’ தளத்தில் வருமானச் சான்று, வசிப்பிடச் சான்று போன்ற சேவைகளுக்குக் கால வரம்பு உண்டு; தாமதித்தால் மேல்முறையீடு உண்டு; தவறிய அதிகாரிக்கு 500 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. நாட்டிலேயே நல்ல சட்டங்களில் ஒன்று. ஆனால் அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. காலக்கெடுவுக்குள் காரணம் எழுதி நிராகரித்தாலும் சட்டத்தின் கணக்கில் விண்ணப்பம் முடிந்ததுதான். பெறப்பட்டவை, முடிக்கப்பட்டவை என்று இரண்டே எண்ணைக் காட்டினால், கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒரே கூட்டுத்தொகைக்குள் போய்விடுவார்கள்.

எதை அளக்கிறோம்

தவறான இடத்தில் அளந்தால் அறிக்கை என்ன செய்யும் என்பதற்கு நூறு நாள் வேலைத் திட்டம் பாடம். கூலி எத்தனை நாளில் போகிறது என்பதை அரசு இணையதளம் காட்டிக்கொண்டே இருந்தது. மாநில அரசு பணக் கோரிக்கையைத் தயாரிக்கும் வரை ஆன தாமதம் மட்டும் அதில் தெரிந்தது. அதற்குப் பிறகு தொழிலாளியின் கணக்கில் பணம் விழும்வரை மத்திய அரசின் கட்டத்தில் ஆன தாமதம் கணக்கிலேயே இல்லை. லிப்டெக் இந்தியா ஆய்வாளர்கள் 2016-17ஆம் ஆண்டின் 90 லட்சம் கூலிப் பரிமாற்றங்களை, அதே அரசு தளத்திலிருந்தே எடுத்து, பத்து மாநிலங்களுக்கு அலசினார்கள். நூற்றுக்கு 21 மட்டுமே காலத்தோடு போயிருந்தது. இந்த விவரங்கள் ‘ஸ்வராஜ் அபியான்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2018 மே மாதத் தீர்ப்பில், தொழிலாளிக்குப் பணம் சேரும்வரையிலான தாமதம் முழுவதற்கும் அரசே பொறுப்பு என்றானது. தரவு அரசுடையதுதான். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளப்பது என்பதை மட்டும் வெளியாட்கள் மாற்றினார்கள்.

முன்பு சொன்ன அந்தச் சம்பவம் தெலங்கானாவுடையது. ‘சமக்ர வேதிகா’ என்ற மென்பொருள் பல துறைப் பட்டியல்களை இணைத்து ஒரு குடும்பம் ஏழையா இல்லையா என்று சொல்லிவிடும். 2014 முதல் 2019 வரை அங்கே 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கார்டுகள் ரத்தாயின. ஹைதராபாத்தில் ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த ஒருவரின் மனைவிக்கு அரிசி நின்றது. காரணம், அந்தக் குடும்பத்தில் கார் இருக்கிறது என்று மென்பொருள் சொன்னது. கார் வைத்திருந்தவர் ஏறத்தாழ அதே பெயருள்ள வேறொரு மனிதர். உச்ச நீதிமன்றம் 2022இல் மறுசரிபார்ப்புக்கு உத்தரவிட்டபின், மறுவிண்ணப்பங்களில் முதலில் பார்த்த 2,05,734இல் 15,471 குடும்பங்கள் தகுதியுள்ளவை என்று அரசே ஒப்புக்கொண்டது. நூற்றுக்கு ஏழரை. லாட்கி பஹீணிலும் நான்கு சக்கர வாகனம் ஒரு தகுதி நீக்கக் காரணம் என்பதை நினைவில் வையுங்கள். 26.34 லட்சத்தில் அதேபோல் நூற்றுக்கு ஏழரை பேருக்குத் தவறாக நின்றிருந்தால், அது ஏறத்தாழ இரண்டு லட்சம் பெண்கள். இங்கும் அதே விகிதம்தான் என்று நான் வாதிடவில்லை; விகிதம் என்ன என்பதை மகாராஷ்டிர அரசு எண்ணி வெளியிட வேண்டும் என்கிறேன்.

தமிழ்நாட்டின் அனுபவம் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 1.63 கோடி விண்ணப்பங்கள் வந்தன, 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள், 56.5 லட்சம் நிராகரிப்பு. நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள், மேல்முறையீட்டுக்கு வாய்ப்புத் தந்தார்கள். 11.85 லட்சம் பேர் மேல்முறையீடு செய்தார்கள். அதில் 7.35 லட்சம் பேருக்கு அந்த நவம்பரிலேயே பணம் தொடங்கியது. பத்துப் பேர் முறையிட்டால் ஆறு பேரின் முறையீடு சரி என்று ஆகியிருக்கிறது! முறையிடாமலே விட்டவர்கள் 44 லட்சத்துக்கும் மேல். இரண்டாம் கட்டமாக 2025 டிசம்பரில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள். காரணம் சொன்னால் மக்கள் திரும்பி வருகிறார்கள். திரும்பி வந்தால் கணிசமானவர்கள் உள்ளே வருகிறார்கள். மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் ஊரில் இருக்கும் அக்காவுக்குக் காரணத்தோடு குறுஞ்செய்தி வந்ததும் தாராவித் தங்கைக்கு ஒன்றும் வராததும் ஒரே கைபேசி உரையாடலில் பேசப்படுகிற விஷயம்.

எண்ணக் கற்றுக்கொடுத்த மண்

தாராவிக்கும் செம்பூருக்கும் எண்ணிக்கை புதிதல்ல. ஒருவகையில் உலகத்துக்கே இதைக் கற்றுக்கொடுத்த இடம் இது.

கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜோக்கின் அற்புதம், பம்பாய் வந்து டிராம்பே அருகே ஜனதா காலனியில் குடியிருந்தார். அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தக் குடியிருப்பை அகற்ற அரசு முனைந்தபோது எதிர்த்துப் போராடியவர் அவர். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்புக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பழைய முகவரி ஒரே நாளில் செல்லாததானால் என்ன ஆகும் என்பதை அன்றே அனுபவித்தவர்கள் அவர்கள். அரசின் கையில் இருக்கும் பட்டியலை எதிர்க்க நம் கையில் நம் பட்டியல் வேண்டும் என்பது அற்புதத்தின் அரசியலாக ஆனது. நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் சொன்னபோது, ஸ்பார்க் அமைப்பு நடைபாதைவாசிகளோடு சேர்ந்து அவர்களின் ஏறத்தாழ 6,000 குடும்பங்களை எண்ணி, ‘கண்ணில் படாத நாங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டே தாராவிக்குப் பிரதமர் நிதியாக நூறு கோடி அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அற்புதத்தின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு தாராவியைத் தானே கணக்கெடுத்தது. அரசு சொன்னதைவிட மிகப் பெரிய எண்ணிக்கை வந்தது. மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. மகிளா மிலன் என்ற அமைப்பின் பெண்கள் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போன அந்த முறை பிறகு ஆப்பிரிக்க நகரங்கள் வரை போனது. அற்புதத்துக்கு 2000இல் மகசேசே விருதும், 2011இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன, 2018இல் மறைந்தார்.

இதை இங்கே நீளமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று தாராவிக்காரர்களுக்குக் கணக்கெடுப்பு என்றாலே அச்சம். 2024 மார்ச்சில் தொடங்கிய மறுசீரமைப்புக் கணக்கெடுப்பில் தகுதிக்கு வரம்பாக வைத்த 2000 ஜனவரி 1 என்ற தேதி பல குடும்பங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் பைக்குள் கரன்ட் பில், வாக்காளர் பட்டியல் நகல், பழைய ரேஷன் கார்டு எல்லாம் தயாராக இருக்கின்றன. பட்டியல் என்றால் ஆளை வெளியே தள்ளுவதற்கு என்று அவர்கள் நினைப்பதில் தப்பில்லை. உதவித்தொகையின் தரவு அறிக்கை அந்த நினைப்பை மாற்ற வேண்டுமானால் அது முதலில் மக்கள் கைக்கு வர வேண்டும்.

ராஜஸ்தானில் 2019 செப்டம்பரில் தொடங்கிய ‘ஜன் சூசனா’ தளம் அப்படித்தான் வந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் போன்ற அமைப்புகளின் நெடுநாள் கோரிக்கை அது. யாரும் மனுப் போடாமலே ஊர்வாரியாக, வார்டுவாரியாகத் திட்டப் பயன் விவரம் கிடைக்கும். தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு எல்லா மாநிலங்களுக்கும் சொல்வதும் இதைத்தான். மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்பதை அரசு தானே வெளியிட வேண்டும்.

ஜி நார்த், எஃப் நார்த், எம் வெஸ்ட்

லாட்கி பஹீண் மாநிலத் திட்டம், இதில் மாநகராட்சிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விண்ணப்பித்தபோது உதவி மையமாக இருந்ததும், இன்றும் ஏழைகள் முதலில் போய் நிற்பதும் வார்டு ஆபீஸ்தான். தாராவிக்கு ஜி நார்த், மாட்டுங்கா சயானுக்கு எஃப் நார்த், செம்பூருக்கு எம் வெஸ்ட், சீத்தா கேம்புக்கு எம் ஈஸ்ட். தாராவி மும்பை நகர மாவட்டம், செம்பூர் மும்பை புறநகர் மாவட்டம் என்பதால் ஆட்சியர் அலுவலகமும் இரண்டு. சயானில் ஒரு பாலம் தாண்டினால் கோப்பு போகும் வழியே மாறிவிடும். மாநகராட்சிக்குச் சொந்தமாகவும் உதவித்தொகை இருக்கிறது: மாற்றுத்திறனாளிகளுக்கான தர்மவீர் ஆனந்த் திகே திட்டத்தில், அடையாள அட்டையின் நிறத்தைப் பொறுத்து மாதம் 1,000 அல்லது 3,000 ரூபாய். ஆதரவற்றோருக்கு மாநில அரசின் சஞ்சய் காந்தி நிராதார் திட்டமும் உண்டு. அதன் வருமான வரம்பு ஆண்டுக்கு 21,000 ரூபாய். மும்பையில் மாதம் 1,750 ரூபாயில் எந்தக் குடும்பம் வாழ்கிறது? அந்த வரம்பு எத்தனை பேரைப் பொய் சொல்ல வைக்கிறது, எத்தனை பேரை விண்ணப்பிக்காமலே திருப்பி அனுப்புகிறது என்பதையும் ஒரு நல்ல அறிக்கை காட்டிவிடும்.

மும்பையில் இதற்கு முன்மாதிரி உண்டு. பிரஜா ஃபவுண்டேஷன் ஆண்டுதோறும் தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியின் புகார் விவரங்களை வாங்கி, குப்பை, தண்ணீர், சாக்கடை என்று வார்டுவாரியாக வெளியிடுகிறது. குப்பைக்கு முடிகிற அறிக்கை விதவையின் உதவித்தொகைக்கு முடியாதா? 2022 மார்ச்சிலிருந்து மும்பைக்கு மாமன்றமே இல்லாமல் இருந்தது; 2026 ஜனவரி 15 தேர்தலில்தான் 227 நகர்சேவக்குகள், அதாவது மாமன்ற உறுப்பினர்கள், மீண்டும் வந்திருக்கிறார்கள். வார்டுக் குழுக் கூட்டத்தில் அவர்கள் மாதாமாதம் கேட்டு வாங்க வேண்டியது ஒரே ஒரு பக்க அட்டவணைதான்: எத்தனை விண்ணப்பம் வந்தது, எந்தக் கட்டத்தில் எத்தனை நிற்கிறது, எத்தனை நாளாக, எந்தக் காரணத்துக்காக நிராகரிப்பு, முறையிட்டோர் எத்தனை, மீண்டும் கிடைத்தோர் எத்தனை. ஜி நார்த்தில் பெயர்ப் பொருத்தமின்மை மற்ற வார்டுகளைவிட மும்மடங்கு என்று ஒரு மாதம் தெரிந்தால், அடுத்த மாதமே 90 அடி சாலையில் பெயர் திருத்த முகாம் போடலாம். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை அங்கே உட்கார வைக்கலாம். மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகள் நடத்துகிறது, அப்படி ஒருவரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நகர்சேவக்குகள் கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தில் தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். பதிலுக்கு 30 நாள். தவறான அலுவலகத்தில் கொடுத்தாலும் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்பியாக வேண்டும். மனு மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். தாராவியின் இளைய தலைமுறைக்கு மூன்றும் எழுத வரும். யாருடைய பெயரையும் கேட்காதீர்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின் தனிநபர் விவரம் என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

“ஜி நார்த் வார்டு எல்லைக்குள், முக்யமந்திரி மாஜி லாட்கி பஹீண் திட்டத்தில் 2025 ஜூன் முதல் இன்றுவரை பணம் நிறுத்தப்பட்ட பயனாளிகளின் எண்ணிக்கையை, நிறுத்தக் காரணம்வாரியாகவும் மாதவாரியாகவும் தரவும். அவர்களில் நேரில் சரிபார்க்கப்பட்டவர்கள், தகுதியுள்ளவர் என்று கண்டறியப்பட்டவர்கள், மீண்டும் பணம் தொடங்கப்பட்டவர்கள், நின்ற மாதங்களின் நிலுவையும் சேர்த்து வழங்கப்பட்டவர்கள் ஆகியோரின் எண்ணிக்கையைத் தனித்தனியே தரவும். நிறுத்தத்துக்கான காரணம் பயனாளிக்கு எந்த வழியில், எந்த மொழியில் தெரிவிக்கப்பட்டது என்பதற்கான உத்தரவின் நகலையும் தரவும்.”